ஆயாக்கொட்டகைப் பெட்டிக்குக் காது முளைத்தது

உலக சரித்திரத்தைக் கவனித்து வருகிறவர்கள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் ஆண்டு ஆனி மாதம் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணியைத் தயவுசெய்து குறித்து வைத்துக்கொள்ளவும். மலாயா நாட்டில், நெகிரி செம்பிலான் மாநிலத்தில், கோலா சாவாவுக்கு நான்கு கல் தள்ளி, காகிதத்தில் ஹெதர்லி எஸ்டேட் என்றும் வாயில் சட்டிமலைத் தோட்டம் என்றும் வழங்கிய இடத்தில், அன்றைக்கு அந்த நேரத்தில், நாகரிகம் ஒரு லாரியில் வந்து இறங்கியது. அதை இறக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். அதில் நான்கு பேர் துப்பாக்கியோடு சும்மா நின்றார்கள்.

வந்தது ஒரு ரேடியோ. பலாப்பழ அளவில் பாக்கு நிறப் பெட்டி. முகத்தில் துணி, துணிக்குக் கீழே மூன்று திருகுகள். கூடவே, அதைவிடக் கனமாக ஒரு பேட்டரி. லாரியோடு வந்த வெள்ளைக்கார அதிகாரி முக்கால் மணி நேரம் பேசினார். தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி ராமகிருஷ்ணன், அதைத் தமிழில் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்தார். சாரம் இதுதான்: அவசரகாலத்தில் மக்கள் கெட்ட பேச்சுக் கேட்டுக் கெட்டுப்போகிறார்கள், இனி நல்ல பேச்சுக் கேட்டு நல்லவர்களாக வேண்டும், அதைக் குழந்தைகளிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ரேடியோ ஆயாக்கொட்டகையில் வைக்கப்படும். தாய் தகப்பன் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்க, போன பிறகு சிறுசுகளைப் போட்டு வைக்கும் கொட்டகை அது.

‘வானொலியும் குழந்தைகளும்: குடும்பங்களுக்குச் சில யோசனைகள்’ என்று ஒரு துண்டுத்தாளும் வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். குழந்தைகளை நாற்காலியில் ஆறடி தள்ளி உட்கார வைக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் ரேடியோ கூடாது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. கேட்டதைப் பற்றிப் பெற்றோர் குழந்தைகளோடு உட்கார்ந்து ஆர அமரப் பேச வேண்டும். தோட்டத்தில் நாற்காலி மூன்றுதான் இருந்தது, மூன்றும் ஆபீசில். ஆர அமர உட்காரும் பெற்றோர் ஒருவரும் இல்லை. தாள் நல்ல கெட்டித் தாள். ஆயா மயிலம்மாள் தன் பங்கைக் கருவாட்டுப் பானைக்கு மூடியாக்கிக்கொண்டாள்.

பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே? ரப்பர் ஷீட் உருட்டும் இஸ்டோரில் வேலை செய்த அமிர்தலிங்கத்துக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. மூன்றாம் வகுப்பு வரை படித்தவன், திருகைத் திருப்பினால் எந்தப் பக்கம் சத்தம் கூடும் என்பதை முதலில் கண்டுபிடித்தவன். ‘ரேடியோ மண்டோர்’, அதாவது ரேடியோவை மேய்க்கும் மேஸ்திரி, என்று கிராணி வேடிக்கையாகச் சொன்னார். அமிர்தலிங்கம் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் முதல் காக்கி அரைக்கால் சட்டையும் கழுத்தில் ஒரு விசிலுமாக நடமாடினான். ரேடியோவுக்கு எதற்கு விசில் என்று கேட்டவர்களை அவன் பார்த்த பார்வையில் கேள்வி சுருண்டு போயிற்று.

பெட்டிக்கு அலைவாங்கும் கம்பி ஒன்று வேண்டும். கொட்டகைக் கூரையில் மூங்கில் நட்டு, அதிலிருந்து கம்பியை இழுத்து, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தின் தகரக் கூரைகளைத் தாண்டி, கடைசி வீட்டு முகட்டில் கட்டினார்கள். கடைசி வீடு அமிர்தலிங்கத்தின் வீடு. இதைவிடப் பக்கத்தில் வீடுகள் இருந்தன. ஆனால் மண்டோர் வீட்டுக்குத்தான் அந்த மரியாதை என்று மண்டோரே முடிவு செய்தான்.

அவன் பெண்டாட்டி ராக்கம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அவளுக்கு அண்ணாந்து பார்க்க நேரமும் இல்லை.

அவள் நாள் இப்படி: ஆறு மணிக்கு ஊரடங்கு தளர்ந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க வேண்டும். பிறகு முள்கம்பி வேலியின் வாசலில் வரிசை. அங்கே ஒரு மலாய்க்காரப் பெண் முந்தானை, கொண்டை, வாளி எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பாள். சோறு போனால், காட்டில் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு, அந்தக் காட்டுக்காரர்களுக்கு, போய்ச் சேர்ந்துவிடுமாம். ஒரு பிடி சோறு வெளியே போகக் கூடாது. ஆகவே வெறும் வயிற்றில் பாலில்லாத வறக்கோப்பியை ஊற்றிக்கொண்டு, தனக்கு ஒதுக்கிய நிரையில் முந்நூற்றைம்பது மரம் வெட்டி, பால் எடுத்து, தோள் கம்பில் மாட்டிய காண்டா வாளி தூக்கிக்கொண்டு பால் நிறுவைக்கு வர ஒரு மணியாகிவிடும். அப்புறம் கொட்டகையில் பிள்ளையை அழைத்துக்கொண்டு வீடு. பங்கீட்டு அரிசி, சம்பல், கிடைத்தால் கருவாடு. பாத்திரம் கழுவும்போதே கண் சொக்கும். பால் காய்ந்து விரலிடுக்கில் ரப்பராக ஒட்டியிருக்கும். அதை உரித்துக்கொண்டே தூங்கிப் போவாள்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, நீலாவதி, ஐந்து வயசு. முன்னே ஒன்று பிறந்து தங்கவில்லை. நீலாவதிக்கு வாய் ஓயாது. கோழி ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது, வேலி உள்ளே யாரும் வராமலிருக்கவா நாம் வெளியே போகாமலிருக்கவா, தொரையின் நாய்க்குத் தமிழ் தெரியுமா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வரும். ராக்கம்மா ‘உம்’ என்பாள். எதற்கும் ‘உம்’ தான். பிள்ளை அதை வைத்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

ரேடியோ வந்த இரண்டாவது வாரம் ஒரு திருகு காணாமல் போயிற்று. இருபது பிள்ளைகள் இருக்கும் இடத்தில் மூன்று திருகுகள் இரண்டு வாரம் தாக்குப்பிடித்ததே அதிசயம். கிராணி அமிர்தலிங்கத்தைக் கூப்பிட்டு, இது அரசாங்கச் சொத்து, இன்னொரு திருகு போனால் மண்டோர் வேலையும் போகும், விசிலும் போகும் என்றார். அமிர்தலிங்கம் நேராகக் கொட்டகைக்குப் போய், விசில் ஊதிப் பிள்ளைகளை உட்கார வைத்து, பெட்டியைச் சுட்டிக் காட்டினான்.

“இது பேசுற பெட்டின்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க. இது கேக்குற பெட்டி. நீங்க பேசுறதெல்லாம் இந்தத் துணி வழியா உள்ள போயி, கம்பி வழியா நேரா கோலாலம்பூரு. மாயாண்டி மாமாவ லாரியில ஏத்திக்கிட்டுப் போனாங்களே, எப்பிடித் தெரிஞ்சுச்சுன்னு நெனக்கிறீங்க?”

மாயாண்டி அடுத்த லயத்துக்காரன். கோவணத்தில் நாலு கருவாட்டை முடிந்துகொண்டு வேலைக்காட்டுக்குப் போனவன். அவன் பசிக்கு என்று அவன் சொன்னான். காட்டுக்காரர்களுக்கு என்று அவர்கள் சொன்னார்கள். காலை வேளையில், பிள்ளைகள் பார்க்கத்தான் லாரியில் ஏற்றினார்கள். அது சித்திரையில். ரேடியோ வந்தது ஆனியில். இந்தக் கணக்கைப் பிள்ளைகளால் போட முடியாது. பெரியவர்களால் முடியும்; ஆனால் அந்தக் காலத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பதே ஆபத்தான காரியம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். செய்தி ஒரே நாளில் லயம் முழுவதும் பரவியது. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ரேடியோ கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஒரு கிழவன் மட்டும் இரண்டு நாள் வந்து, பெட்டிக்குக் கும்பிடு போட்டு, தான் ஒரு பாவமும் அறியாதவன் என்று சொல்லிவிட்டுப் போனான். யாரோ பெட்டிக்கு நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். மயிலம்மாள் தன் பழைய சேலையைக் கிழித்துப் பேட்டரி தெரியாமல் திரை கட்டினாள், சாமிக்குக் கட்டுவதுபோல.

கொட்டகை அமைதியாயிற்று. அப்படியோர் அமைதியை மயிலம்மாள் பதினோரு வருஷத்தில் கண்டதில்லை. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து விரலை உதட்டில் வைத்துக்கொள்ளும். அவள் அரிசியில் கல் பொறுக்கினாள், பேன் பார்த்துக்கொண்டாள், மத்தியானத்தில் ஒரு தூக்கமும் போட்டாள். இந்த ரேடியோவைக் கண்டுபிடித்தவன் நல்லா இருக்கணும் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னாள்.

நீலாவதி வீட்டிலும் பேசுவதை நிறுத்தியது.

ராக்கம்மா இதைக் கவனிக்க ஒன்பது நாளாயிற்று. அதைச் சொல்ல அவளுக்கே பிற்பாடு வெட்கமாக இருந்தது. முதல் சில நாள், பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். வழியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ‘உம்’ சொல்லும் வேலையும் மிச்சம். ஒன்பதாம் நாள் தலை வாரும்போது சீப்பு சிக்கில் மாட்டி இழுத்தது. பிள்ளையின் கண்ணில் தண்ணீர் வந்தது. வாயிலிருந்து சத்தம் வரவில்லை. சீப்பைக் கீழே வைத்துவிட்டு, நீ கடைசியாக எப்போது பேசினாய் என்று கேட்டாள். பிள்ளை கூரையைப் பார்த்தது.

அதற்கப்புறம் எல்லாரும் செய்வதை அவளும் செய்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துப் பூச்சி மருந்து கொடுத்தார். அந்த டிரஸரிடம் மூன்று மருந்து உண்டு. மற்ற இரண்டும் கொயினாவும் பேதி மருந்தும். முனியாண்டி கோயில் பூசாரி கறுப்புக் கயிறு கட்டினார். அமிர்தலிங்கம், அடக்கமான பிள்ளை அமைவது அதிர்ஷ்டம் என்றான். முன்னே பிறந்ததும் இப்படித்தான் மூன்று நாள் சத்தமில்லாமல் கிடந்து போய்ச் சேர்ந்தது. ராக்கம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. மரம் வெட்டும்போது உளி இரண்டு முறை பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கியது. வேலையை மேற்பார்க்கும் தண்டல்காரன் ஏசினான்.

ஆடி மாதக் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிந்தும் விடியாமலும் மழை பிடித்துக்கொண்டது. பட்டை நனைந்தால் மரம் வெட்ட முடியாது. பெரட்டு இல்லை என்று தண்டல்காரன் லயத்தோரமாகக் கத்திக்கொண்டு போனான். கத்தியதே சரியாகக் கேட்கவில்லை. தகரத்தில் மழை விழுந்தால் ஜல்லி கொட்டுவதுபோல்தான் இருக்கும். அமிர்தலிங்கம் இஸ்டோருக்குப் போய்விட்டான். ராக்கம்மா பாயில் கிடந்தாள். மாதக்கணக்கில் பகலில் அப்படிக் கிடந்ததில்லை. பிள்ளை நகர்ந்து வந்து அவள் காதில் உதட்டை ஒட்ட வைத்தது.

“அம்மா, இப்பப் பேசலாம். மழ பேயுதுல்ல, கம்பிக்குக் கேக்காது.”

ராக்கம்மா எழுந்திருக்கவில்லை, எழுந்தால் பேச்சு நின்றுபோய்விடுமோ என்று. எந்தக் கம்பி என்று மெதுவாகக் கேட்டாள். பிள்ளை முகட்டைக் காட்டியது. பிறகு ஒரு மாதத்துப் பேச்சும் மூச்சுவிடாமல் வந்தது: பெட்டிக்குக் காது இருப்பது, கம்பி நம் வீட்டில் முடிவது, மாயாண்டி மாமா, லாரி. அம்மா தூக்கத்தில் தண்டல்காரனை வைதுகொண்டிருந்தது, அந்த ராத்திரி முழுக்கத் தான் லாரிச் சத்தத்துக்குக் காத்திருந்தது. கோழி இப்போது இரண்டு காலில் நிற்கிறது. பூச்சி மருந்து கசந்தது.

“நீ பேசினாத்தான் ஏத்திட்டுப் போவாங்கம்மா. நான் பேசாட்டி நீயும் பேச மாட்ட. அதான் பேசல.”

மழை விட்டது. பிள்ளை ஒரு சொல்லின் நடுவே வாயை மூடிக்கொண்டது.

மத்தியானம் அமிர்தலிங்கம் சாப்பிட வந்தபோது ராக்கம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. பிள்ளைகிட்ட என்னா சொன்னீங்க என்றாள். அவன் முதலில் மறந்ததுபோல் இருந்தான். பிறகு ஒழுங்கு கட்டுப்பாடு என்று ஆரம்பித்தான்.

“எல்லாப் புள்ளைங்களுக்கும் பொதுவாத்தான்லா சொன்னேன். மத்ததெல்லாம் வீட்டுல கத்திக்கிட்டுத்தானே கெடக்குதுங்க?”

“மத்த வீட்டு மேல கம்பி போவல.”

அவன் இன்னும் கொஞ்சம் சம்பல் போட்டுக்கொண்டான். அப்புறம் விஷயத்துக்கு வந்தான். சனிக்கிழமை அந்த அதிகாரித் தொரை மறுபடி வருகிறார். கொட்டகையைப் பார்த்து எழுதிக்கொண்டு போகப்போகிறார். பிள்ளைகள் அமைதியாக இருப்பதை கிராணி ஏற்கெனவே மேலே எழுதியாயிற்று. சனிக்கிழமை வரை இப்படியே போகட்டும். அப்புறம் அவனே எல்லாப் பிள்ளைக்கும் சொல்லிவிடுவான்.

“அது ஒரு மாசமா மூச்சு விடல. நீங்க தேதி பாக்குறீங்க,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தப் பலமும் இல்லை.

அவன் கையைக் கழுவிக்கொண்டு பிள்ளையைக் கூப்பிட்டு, மடியில் உட்கார வைத்து, அப்பா சும்மா சொன்னது, பெட்டிக்குக் காதும் இல்லை ஒன்றும் இல்லை, அது வெறும் மரம், தொரையை ஏசினால்கூட அதற்குத் தெரியாது என்றான். நீலாவதி அவன் முகத்தைப் பார்த்தது. கூரையைப் பார்த்தது. தகப்பன் இப்படி வாய்விட்டுப் பேசி மாட்டிக்கொள்கிறானே என்று நினைத்தோ என்னவோ, சின்ன உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தியது.

அமிர்தலிங்கம் அதற்கப்புறம் அன்றைக்கு விசில் ஊதவில்லை.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் மழை இல்லை.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு அதிகாரி வந்தார். முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு கவச லாரி. கொட்டகைக்குச் சாணி மெழுகி, காகிதக் கொடி கட்டியிருந்தார்கள். ஆபீசின் மூன்று நாற்காலிகளும் வந்திருந்தன. தமிழ் நிகழ்ச்சி சாயங்காலம்தான். ஆகவே பெட்டி பேசாமல் இருந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. எதிரில் இருபது பிள்ளைகள், உதட்டில் விரலோடு, இமை கொட்டாமல்.

அதிகாரி திகைத்துப் போனார். ஒலிபரப்பு இல்லாத நேரத்திலேயே இவ்வளவு கவனமா? பல தோட்டங்களைப் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் ரேடியோ மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். துண்டுத்தாளின் யோசனைகளை இத்தனை சிரத்தையாகக் கடைப்பிடித்த குடும்பங்களை இப்போதுதான் காண்கிறார். நோட்டை எடுத்து எழுதினார். இதில் மிகவும் நல்ல பிள்ளை எது என்று கேட்டார். கிராணி அமிர்தலிங்கத்தைப் பார்த்தார். அமிர்தலிங்கம் ஒரு கணம் தயங்கினான். ஒரு கணம்தான். பிறகு நீலாவதியைக் கைப்பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். அதிகாரி அதன் தலையைத் தடவி, ஒரு மிட்டாயும் கொடுத்தார். பிள்ளை மிட்டாயை வாங்கிக்கொண்டு, விரலை மறுபடி உதட்டில் வைத்துக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் ராக்கம்மா நிறுவையிலிருந்து வந்தாள். தலையில் துண்டு, முழங்கை வரை பால் காய்ந்த வெள்ளை, கொசு விரட்டப் புகைய வைத்துக் கட்டிய கந்தல் இடுப்பில் இன்னும் நாறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று பார்த்தாள். வாளியை இறக்கி வைத்தாள். யாரையும் விலக்கவில்லை, அவள் மேல் அடித்த நாற்றத்துக்கு அவர்களே விலகினார்கள். நேராகப் போய்ப் பெட்டியின் முன்னால் நின்றாள். பெரட்டில் பேர் கொடுப்பதுபோலவே ஆரம்பித்தாள்.

“ராக்கம்மா. அமிர்தலிங்கம் பொண்டாட்டி. நெர எழுவத்தி நாலு. கேட்டுக்க. இந்தா நிக்கிறாரே பெரிய கிராணி, இவரு பால் தராசுல கட்ட வெரலு வக்காத நாளு கெடையாது. தொர நாயி திங்கிற ஆட்டுக் காலு என் புள்ள கண்ணுல கண்டதில்ல. ஒரு வாயி சோறு கொண்டாந்து மரத்தடியில திங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டவன் எவனோ, அவன் ஒரு நாளு வெறும் வயித்துல என் நெரைய வெட்டிப் பாக்கட்டும். காட்டுல இருக்கிறவனும் கேட்டுக்க: உன் பேரச் சொல்லித்தான் என் மடிய தெனமும் தடவுறாங்க, நீயும் நல்லா இருக்க மாட்ட. மாயாண்டி ஒரு தப்பும் பண்ணல. அவனுக்குப் பசிச்சுச்சு. எம் புருசன் புள்ளைய ஊமையாக்கி விசிலக் காப்பாத்துனவன். இன்னும் இருக்கு. தொண்ட வத்திப்போச்சு. இது போதும், ஏத்துறதுன்னா ஏத்து.”

மயிலம்மாள் அரிசி முறத்தோடு சுவரில் ஒட்டிக்கொண்டாள். அமிர்தலிங்கத்தின் முகம் ரப்பர் ஷீட் நிறத்துக்கு வந்திருந்தது. துப்பாக்கிக்காரர்கள் தமிழ் தெரியாத மலாய்க்காரர்கள், அவர்கள் அதிகாரியைப் பார்த்தார்கள். அதிகாரி கிராணியைப் பார்த்தார். இந்தப் பெண்மணி என்ன சொல்கிறாள்?

ராமகிருஷ்ணன் இருபது வருஷம் கிராணியாக இருந்தவர். அவள் சொன்னதை வரிசையாக மொழிபெயர்க்கப் போனால் முதல் வாக்கியத்திலேயே அவர் கட்டைவிரல் வந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இவள் அந்தக் குழந்தையின் தாய், சார். ரேடியோ கொடுத்ததற்காக அரசாங்கத்துக்கு நன்றி சொல்கிறாள். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அதிகாரியின் கண் கலங்கியதாகவும் சொல்வார்கள். அது எவ்வளவு நிஜமோ. ஆனால் எழுந்து நின்றதும், பால் காய்ந்த அவள் கையைப் பிடித்துக் குலுக்கியதும் நிஜம். குலுக்கிய கையில் ஒட்டுப்பால் ஒட்டிக்கொண்டது. அதைச் சட்டையில் துடைக்கலாமா கூடாதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

நீலாவதி எல்லாவற்றையும் பார்த்தது. பெட்டி முன்னால் அம்மா அத்தனையும் பேசியாயிற்று. வெள்ளைக்காரர் சிரிக்கிறார். துப்பாக்கிக்காரர்களில் ஒருவன் கொட்டாவி விடுகிறான். லாரி, நின்ற இடத்திலேயே நிற்கிறது. பிள்ளை உதட்டிலிருந்து விரலை எடுத்தது.

“அம்மா, பசிக்குது.”

சாதாரணக் குரலில்தான் சொன்னது. அடுத்து, இந்த வெள்ளைக்காரர் ஏன் சிவப்பாக இருக்கிறார், மிட்டாயைக் கடிக்கலாமா சப்ப வேண்டுமா, அவருக்கும் பேன் உண்டா என்று வந்தது. ராக்கம்மா ‘உம்’ சொல்லவில்லை. சப்பணும் என்றாள். தெரியலையே, கேட்டுப் பாக்கலாமா என்றாள். அதைக் கேட்டு மற்றப் பத்தொன்பதும் விரலை எடுத்தன. ஒரு மாதத்துக் கூச்சல் கொட்டகையில் அவிழ்ந்துகொண்டது. ஒருவன் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தான். இரண்டாவது திருகு அப்போதுதான் போயிற்று. அதிகாரி இரண்டு நிமிஷம் புன்னகையோடு நின்று பார்த்துவிட்டு, காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக ஜீப்புக்குப் போனார்.

ராக்கம்மா வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். தூக்கும் வயசு தாண்டியாயிற்று, முதுகு வலித்தது. வழியெல்லாம் பிள்ளை கேட்டது. அவள் பதில் சொன்னாள், தெரிந்ததற்கும் தெரியாததற்கும். வீட்டு வாசலுக்கு வரும்போது இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

புரட்டாசியில் ஒரு கடிதம் வந்தது. வானொலியை முறையாகக் கேட்பதில் ஹெதர்லி எஸ்டேட்டின் குழந்தைகளும் குடும்பங்களும் மாநிலத்துக்கே முன்மாதிரி என்று அதில் எழுதியிருந்தது. கிராணி அதைக் கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டினார். தராசில் அவர் விரல் பழைய இடத்துக்கே போயிற்று. மாயாண்டி வரவில்லை.

அதிகாரி வந்த அந்தச் சனிக்கிழமை, பேட்டரியைச் சார்ஜ் ஏற்றச் சிரம்பானுக்கு அனுப்பி இருபத்திரண்டு நாளாகியிருந்தது. பெட்டி பேசாததை அதுவரை, அனுப்பியவர்கள் உட்பட, ஒருவரும் கவனிக்கவில்லை.